‘அ’ என்பது எழுத்துப்பிழை

1

நாற்பத்தெட்டு மணி நேரம்.

இந்தக் கதை அந்த எண்ணிலிருந்துதான் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேலை உண்டு. அனுப்பாவிட்டால் இல்லை. தாளில் இருக்க வேண்டிய வாக்கியத்தையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சத்தமாகப் பேச வராது. பஸ்ஸில் நான் இறங்கும் இடம் வந்தால்கூட, அங்கே வேறு யாராவது இறங்குகிறார்களா என்று முதலில் பார்ப்பேன். அதனால் எழுதுகிறேன்.

வாக்கியம் இது:

"எனது பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் என் பெயருக்கு முன்னால் உள்ள ‘அ’ என்பது எழுத்துப்பிழை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

ஒரே வாக்கியம். இலக்கணத் தவறு எதுவும் இல்லை. [பார்த்துவிட்டேன்.]

அந்த ‘அ’ எதைக் குறிக்கிறது என்று இப்போது சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான். அவர்கள் கேட்காமலே பிழை என்று முடிவு செய்தார்கள். நீங்கள் கேட்டும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

"விராலிமலையில் மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது காற்றில்—"

காற்றில் என்ன? ஒன்றும் இல்லை. லாரிப் புகை. மயில்களுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம், வேலை விளம்பரம்:

"தேவை: டெக்னிக்கல் பிசினஸ் அனலிஸ்ட். டேட்டா, இன்டெக்ரேஷன் அனுபவம் அவசியம். எல்லாத் துறையினரோடும் தெளிவாகப் பேசத் தெரிய வேண்டும்."

இதுவும் சரிவரவில்லை. படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன வேலை என்று தெரியாது. அம்மாவுக்கு நான் விளக்கியதை எழுதினால் உங்களுக்கும் விளங்கிவிடும்.

"ஒரு கம்பெனியில ஆறு சாஃப்ட்வேர் இருக்கும்மா. கேட்டுல ஒண்ணு, சம்பளத்துக்கு ஒண்ணு, ஸ்டோருக்கு ஒண்ணு, கேன்டீனுக்கு ஒண்ணு. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி."

"ஆமா. நடுவுல ஒரு ஆளு நிக்கணும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் போயி, ஒங்களுக்கு என்ன வேணும், ஒங்ககிட்ட என்ன இருக்குன்னு கேக்கணும். எந்தத் தகவல் எங்கிட்டுலேர்ந்து எங்கிட்டுப் போகணும்னு எழுதிக் குடுக்கணும். அதைப் பாத்துத்தான் புரோகிராம் எழுதி ஒண்ணோட ஒண்ணை இணைப்பாங்க. அதுதான் இன்டெக்ரேஷன்."

"போயிக் கேக்குறது யாரு? நீயா?" அம்மா சிரித்தாள். "கடைக்குப் போனா தேங்காப் பத்தை வேணும்னு கேக்க மாட்ட. கையைக் காட்டுவ."

உண்மைதான். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. படித்தது பி.எஸ்சி. இயற்பியல். திருச்சியில் ஒரு சின்ன அலுவலகத்தில் இரண்டு வருடம் மற்றவர்களின் தகவல்களைச் சுத்தம் செய்தேன். இரட்டிப்பான வரிகளை நீக்குவது, தப்பான தேதிகளைத் திருத்துவது, ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த மாதிரி வேலை கேட்டால் பெங்களூருக்கு வா என்கிறார்கள். இது விராலிமலையில் இருந்தது. எங்கள் ஊரான ஆவூரிலிருந்து ஒரே பஸ். அம்மாவைத் தனியாக விட வேண்டியதில்லை. என் வயதில் ஒருத்தி முகம் தெரியாத பத்துப் பெண்களோடு ஹாஸ்டலில் தங்குவது சாதாரண விஷயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சாதாரணம் இல்லை.

எனவே, கதையில் பணயம் இந்த வேலை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

3

முதல் வரைவில் கதாநாயகிக்கு ரஞ்சிதா என்று பெயர் வைத்தேன். என் பெயரில் எழுதினால் ஊரில் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம். ரஞ்சிதாவுக்கு ஓர் அப்பாவையும் கொடுத்தேன். ஆண்டியப்பன், கறம்பக்குடியில் உரக்கடை. ஆகவே அவள் ஆ. ரஞ்சிதா. பள்ளிச் சான்றிதழில் ஆ. கல்லூரிச் சான்றிதழில் ஆ. ஆதாரிலும் அதே.

ரஞ்சிதா நேர்முகத் தேர்வுக்குப் போனாள். நன்றாகப் பதில் சொன்னாள். தேர்வானாள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் சிஸ்டத்தில் அவள் பெயருக்கு நேராகப் பச்சை விழுந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டாம் பக்கத்தில் கதை முடிந்துவிட்டது.

அவளை வைத்துக்கொண்டு எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தச் சுழியும் கிடையாது. ஆனாலும் ரஞ்சிதாவின் ஆ-வுக்குப் பின்னால் ஒருவர் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். யார் கேட்டாலும் உடனே காட்டலாம். ரஞ்சிதாமேல் எனக்குப் பொறாமை இல்லை. [இருக்கிறது.]

4

எனவே ஃபெமினா. இதுதான் என் பெயர். கதையில் ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் கொஞ்ச தூரம் ‘அவள்’ என்று எழுதுகிறேன். நீங்கள் குழம்ப வேண்டாம். அவள்தான் நான்.

கம்பெனி வண்டி உதிரிபாகங்கள் செய்வது. பெயர் வேண்டாம். நேர்முக அறையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஆவுடையப்பன். ஐம்பது வயதிருக்கும். இன்னொருவர் ஆளெடுக்கும் பிரிவிலிருந்து வந்த பிரவீன்குமார். சின்ன வயது. எல்லோரையும் மேடம் என்று அழைப்பவர்.

ஆவுடையப்பன் வெள்ளைப் பலகையில் மூன்று வரிகள் எழுதினார்.

கேட்: பெ. மலையாண்டி
சம்பளம்: மலையாண்டி பெரியசாமி
கேன்டீன்: மலையாண்டி, ஷிப்ட் 2

"மூணும் ஒரே ஆளா, வேற வேற ஆளா? எப்புடிக் கண்டுபிடிப்பீங்க? சொல்லுங்கம்மா."

அவள் எழுந்து போய் அவர் கையிலிருந்த மார்க்கரைக் கேட்டாள். கேட்டாள் என்றால் கையை நீட்டினாள். பலகையில் எழுதினாள்: தெரியாது. அதற்குக் கீழே: ஆளைக் கேக்கணும்.

ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "காலையிலேர்ந்து நாலு பேரு வந்துட்டாங்க பிரவீன். ஒருத்தர் எம்பது பர்சென்ட் ஒரே ஆளுங்கிறாரு. ஒருத்தர் தொண்ணூத்தி ரெண்டுங்கிறாரு. இந்தப் புள்ளை பாருங்க, தெரியாதுன்னு எழுதுது. ஏம்மா தெரியாது?"

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஆட்களைப் பார்க்காவிட்டால் கொஞ்சம் பேச வரும்.

"பெரியசாமிங்கிறது அவரோட அப்பாவா, தாத்தாவா, கொலசாமி பேரான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார். கேன்டீன்ல இருக்கிறது வேற மலையாண்டியாக்கூட இருக்கலாம். நம்ம ஊர்ல மலையாண்டிக்குப் பஞ்சமா. எம்பது பர்சென்ட்டுன்னு சேத்துட்டா, மிச்சம் இருபதுல ஒரு ஆளோட சம்பளம் இன்னொரு ஆளுக்குப் போயிரும்."

"சரி. அப்ப இனிஷியலை என்ன பண்றது?"

"இனிஷியல் ஒரு எழுத்துதான் சார். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு ஆளு இருக்காங்க. அது யாருன்னு கேக்காம எழுத்தை வச்சுச் சேக்கவும் கூடாது. பிரிக்கவும் கூடாது."

ஆவுடையப்பன் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். நான் பார்த்தேன். [அவள் பார்த்தாள்.]

பிரவீன்குமார் கேட்டார்: "கல்யாணம் ஆனா நீங்க இனிஷியலை மாத்திக்குவீங்களா மேடம்? தப்பா நினைக்காதீங்க. டேட்டா கேள்விதான்."

இந்த இடத்தில் ஃபெமினா ஒரு பதில் சொல்வதாக எழுதியிருந்தேன். அறையே அமைதியாகிவிடும் அளவுக்கு நல்ல பதில். அது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது தோன்றியது. அறையில் அவள் சொன்னது: "தெரியல சார்." அதையே வைக்கிறேன்.

நான்கு நாள் கழித்து, தேர்வாகிவிட்டாள் என்று மின்னஞ்சல் வந்தது.

5

அதற்கு மறுநாள் பிரவீன்குமாரிடமிருந்து போன். அவளுடைய போனில் காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும். அதனால் எப்போதும் ஆள் இல்லாத இடத்துக்குப் போய்த்தான் பேசுவாள். அன்று வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கங்கிராட்ஸ் மேடம். ஒரே ஒரு சின்ன மிஸ்மேட்ச். ஆதார்ல ஃபெமினா எம்-னு இருக்கு. சர்டிஃபிகேட்ல எல்லாம் ஏ ஃபெமினா."

"ரெண்டும் நான்தான் சார்."

"எனக்குத் தெரியுது மேடம். சிஸ்டத்துக்குத் தெரியல."

"எம்-ங்கிறது மைக்கேல்சாமி சார். அப்பா பேரு. ரேஷன் கார்டைப் பாத்து ஆதார்ல அவங்களாப் போட்டுட்டாங்க. ஆதாரை வேணா மாத்திட்டு வந்துரவா?"

"அதுக்கு நாளாகும் மேடம். நமக்கு நாப்பத்தெட்டு மணி நேரம்தான் டைம். ஏ-ங்கிறது தப்பா விழுந்துருச்சுன்னு ஒரு அஃபிடவிட் போட்டு நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிருங்க. மேட்டர் நான் மெயில்ல அனுப்புறேன்."

"தப்பா விழலை சார்."

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேடம்."

"ரெண்டும் ஒரே ஆளுதான்னு மட்டும் எழுதித் தரட்டா? தப்புன்னு எழுதாம?"

"அப்புடி ஏத்துக்காது மேடம். காரணம் செலக்ட் பண்ணணும். ட்ராப்-டவுன்ல ரெண்டு காரணம்தான் இருக்கு. ஒண்ணு கல்யாணம். இன்னொண்ணு எழுத்துப்பிழை. கல்யாணம் ஆயிருச்சா மேடம்?"

"இல்ல சார்."

"அப்ப எழுத்துப்பிழை."

கோழி ஒன்று கூண்டுக்குள்ளிருந்து பதில் சொன்னது.

6

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேச வேண்டும். கோபமாக இருக்கிறேன். கோபமாக எழுதினால் கதை கெட்டுவிடும் என்று சொல்வார்கள். கெடட்டும்.

பிரவீன்குமாரை முதலில் வில்லனாக்கப் பார்த்தேன். தங்க மோதிரம் போட்டுவிட்டேன், பல் குத்தவைத்தேன். ஒட்டவில்லை. அவர் நல்லவர். எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தவர். கெட்டவர் ஒருவர் இருந்தால் கோபத்தை அவர்மேல் இறக்கி வைத்துவிடலாம். இங்கே அப்படி ஓர் ஆள் இல்லை. ஒரு பட்டியல்தான் இருக்கிறது. அதில் இரண்டு வரிகள்.

ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து எதிர்பார்த்தபடி இல்லை என்றால் அதற்கு இரண்டே காரணங்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ தப்பாக எழுதியிருக்க வேண்டும். இதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அவர் யாரையும் போய்க் கேட்கவில்லை. மூன்றாவது காரணம் ஏதாவது உண்டா என்று ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில், ஒரே ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால் போதும்.

போய்க் கேட்பதற்குத்தான் அந்த வேலை. நான் விண்ணப்பித்த அதே வேலை. கேட்காமல் எழுத்தை வைத்து ஆளைத் தீர்மானிக்கக் கூடாது என்று சொன்னதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளே என்னைக் கேட்காமல் என் எழுத்தைத் தீர்மானித்துவிட்டார்கள்.

[இயற்பியல் படித்ததால் ஒரு விஷயம். எங்கள் ஆய்வகத்தில் பிழை என்றால் தவறு என்று பொருள் இல்லை. எந்த அளவீட்டிலும் ஒரு பிழை இருக்கும். அது எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டாமல் மறைத்தால்தான் மதிப்பெண் போகும். ‘அ’ அந்த வகைப் பிழைகூட இல்லை. அது துல்லியமாக எழுதப்பட்டது. எழுதச் சொன்னவர் ஒரு கணமும் தடுமாறவில்லை.]

சின்ன வயதில் நானும் ஒருமுறை அம்மாவைக் கேட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு.

"அம்மா, அ-ன்னா என்ன?"

"அ-ன்னா அப்பா."

நான் நம்பிவிட்டேன். மறுநாள் வகுப்பில் டீச்சர் எல்லோரிடமும் இனிஷியலின் விரிவைக் கேட்டார். நான் எழுந்து "அப்பா" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. இன்னொன்றும் புரியவில்லை: எல்லோருக்கும்தான் அப்பா இருக்கிறார், பிறகு இவர்களுக்கெல்லாம் ஏன் ச, ம, பெ என்று வேறு வேறு எழுத்து?

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

7

அம்மா வேலை பார்ப்பது விராலிமலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில். தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். ஜெராக்ஸ் எடுப்பாள், மனு டைப் அடிப்பாள், பத்திரத் தாளில் அஃபிடவிட் அடிப்பாள். பெயர் மாறிப் போனவர்கள், பிறந்த தேதி மாறிப் போனவர்கள், உயிரோடு இருந்தும் இறந்தவராகப் பதிவானவர் ஒருவர், எல்லோருக்கும் அம்மாதான் அடித்துக் கொடுப்பாள். மேரியக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவகாசத்தின் இரண்டாம் நாள் காலை ஃபெமினா அங்கே போனாள். மதியம் வரை நேரம் இருந்தது. கடையில் கூட்டம். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"குடு," என்றாள் அம்மா. போனை வாங்கி, மின்னஞ்சலில் இருந்த வாக்கியத்தைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பத்திரத் தாளை எடுத்து வைத்துவிட்டு டைப் அடிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, நான் இன்னும் போடுறேன்னு சொல்லலை."

"ஒத்தை எழுத்து. அதுக்காண்டி வேலையை விடுவியா? பெங்களூர்ல போயி யாருகிட்ட கையைக் காட்டித் தேங்கா வாங்குவ?"

"அது தப்பு இல்லல்ல. நீயே சொல்லு."

"தாளுலதானே தப்புங்கிறோம். தாளு என்ன பண்ணும்."

அம்மா அடித்தாள். ‘எழுத்துப்பிழை’ என்ற சொல்லில் ‘ப்’ விட்டுப்போனது. எழுத்துபிழை. பின்னால் போய்த் திருத்தினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்த இடம் சிரிக்கத்தான்.

வாரிசுச் சான்றிதழுக்கு வந்திருந்த மீனம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

"ஏம்மா மேரி, மகளுக்கு வேலையாமுல்ல? சந்தோஷம். ஒன் வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டியா? சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணினாரா?"

"சொல்லணும்க்கா."

"சொல்லு சொல்லு. அவருக்குத்தானே பெருமை. இருபது வருஷமா அங்க கெடந்து கஷ்டப்படுறாரு பாவம்."

பெஞ்சில் இருந்த இன்னொருவர் இருமினார். இருமல் இல்லை அது. மைக்கேல்சாமி சிங்கப்பூரில் இல்லை என்று அந்த பெஞ்சுக்குத் தெரியும். மீனம்மாளுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும். அம்மா சிங்கப்பூர் என்கிறாள், அவர்கள் சிங்கப்பூர் என்கிறார்கள், இருபது வருடமாக அப்படியே ஓடுகிறது. இந்த ஒரு இன்டெக்ரேஷன் மட்டும் தடங்கலே இல்லாமல் வேலை செய்கிறது.

ஃபெமினா குனிந்து, அம்மா காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். "என்னைச் சேத்த அன்னைக்கு ஸ்கூல்ல என்னம்மா நடந்துச்சு? இன்னைக்காவது சொல்லு."

அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. சொன்னாள். நாலைந்து வாக்கியங்கள். மெதுவாக.

[அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை.]

சொல்லி முடித்துவிட்டு அம்மா அச்சுப் பொத்தானை அழுத்தினாள். தாள் வெளியே வந்தது. சூடாக இருந்தது. ‘அ’ என்பது எழுத்துப்பிழை. அடித்தது அம்மா. அதைப் படித்துச் சரிபார்த்ததும் அம்மா. வரும் எல்லோருக்கும் காட்டுவது போலவே பேனாவின் முனையால் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

"இங்கிட்டுப் போடு."

8

இந்த இடத்தில் கதை மூன்று பக்கமாகப் பிரிகிறது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது. ஃபெமினா கையெழுத்துப் போடுகிறாள். நோட்டரி முத்திரை குத்துகிறார். சிஸ்டம் பச்சையாகிறது. வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம், சரிபார்க்கும் சாஃப்ட்வேரை மாற்றும் பொறுப்பு அவளிடமே வருகிறது. அவள் அந்தப் பட்டியலில் மூன்றாவது வரி ஒன்றைச் சேர்க்கிறாள். அவளுக்குப் பின்னால் வருகிற பெண்கள் எவருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. இது புத்திசாலித்தனமான முடிவு. பலருக்குப் பிடிக்கும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாள் எங்கே இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஏதோ ஒரு கோப்பில், என் கையெழுத்தோடு, எப்போதும் இருக்கும்.

இரண்டாவது. ஆவுடையப்பனுக்கு விஷயம் தெரிகிறது. அவர் மேஜையைத் தட்டி எழுகிறார். "அந்தப் புள்ளை சொன்னதை நான் எழுதி வச்சிருக்கேன்யா—"

நிறுத்திவிட்டேன். என் கதைக்குள் பெரிய மனிதர் ஒருவர் வந்து என்னைக் காப்பாற்ற வேண்டாம். நான் யாரிடமும் முறையிடவில்லை. பிறகு அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது. மைக்கேல்சாமி வருகிறார். இருபது வருடம் கழித்து, வாசலில், ஒரு பையோடு. மகளுக்காகக் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. பிறகு கிழித்துவிட்டேன். வர வேண்டிய அன்றைக்கு வராதவருக்கு என் கதையில் எதற்கு ஒன்றரைப் பக்கம்?

கடைசியில் வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. கிடைத்தது என்றால் பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்தது என்பீர்கள். கிடைக்கவில்லை என்றால் பாவம் என்பீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். நீங்கள் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்களோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். உண்மையாக வையுங்கள்.

நான் எழுத வேண்டியது இன்னும் கொஞ்சம்தான்.

9

இனி ‘நான்’ என்றே எழுதுகிறேன்.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அப்போது போன் அடித்தது. பிரவீன்குமார். வெளியே போகலாம் என்று திரும்பினேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். வழி இல்லை. எடுத்தேன். ஸ்பீக்கரில்தான்.

"மேடம், டைம் முடியப்போகுது. அஃபிடவிட் ரெடியா?"

"அடிச்சாச்சு சார்."

"சூப்பர். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிருங்க. நான் இங்க செலக்ட் பண்ணிடுறேன். எழுத்துப்பிழை. ஓகேவா?"

பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது. மீனம்மாள் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொன்னாலும் அந்தச் சத்தத்தில் போய்விடும் என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

"சார்," என்றேன். "ஓகே இல்ல சார்."

"என்ன மேடம்? ஒண்ணும் கேக்கல. அங்க ஏதோ மெஷின் சத்தம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் சிங்கப்பூர் அன்றோடு முடிந்தது. அவள் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டிய கடை அது. வேண்டாம் என்று அவள் தலையை அசைத்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பெஞ்சை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து போய் மெஷினை நிறுத்தினாள்.

கடையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. தெருவில் போகிற மினி பஸ்ஸின் பாட்டுக்கூடக் கேட்டது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? எழுத்துப்பிழைன்னு போட்டுறட்டா?"

"போடாதீங்க சார். அந்த லிஸ்ட்ல மூணாவதா ஒரு காரணம் இல்ல. நான் சொல்றேன், எழுதிக்கங்க."

"சொல்லுங்க மேடம்."

பலகையைப் பார்த்துப் பேச அங்கே பலகை இல்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்த அன்னைக்கு எங்க அப்பா வரலை. அதுக்கு முன்னாடியே எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. அப்பா பேரைச் சொல்லுங்கன்னு கேட்டப்ப, என் பேரைப் போடுங்கன்னு சொன்னது எங்க அம்மா. அ-ன்னா அற்புதமேரி."